தேவம்மா பெயரில் இருக்கும் ஃபைல்

விஜயநகர் இரண்டாவது ஸ்டேஜ்,
மைசூரு.
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள ரூபா,

இங்கே நான் உயிரோடும் முழு நினைவோடும் இருக்கிறேன். நீயும் சைத்ராவும் லெஸ்டரில் குளிர் தாங்கிச் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது கேட்டுக்கொள்கிறேன். உன் கல்யாணத்துக்குப் பிறகு நான் எழுதிய ஒவ்வொரு கடிதத்தையும் சௌபாக்கியவதி என்றுதான் தொடங்கியிருக்கிறேன். இன்று போடவில்லை. மறதி என்று நினைக்காதே, எழுபத்தாறு வயதிலும் எனக்கு அந்த வியாதி இல்லை. படித்து முடித்தால் காரணம் தெரியும். எழுத்து வரிசை தப்பிச் சரிந்திருப்பதற்கும் காரணம் உண்டு, தாளைப் பிடித்துக்கொள்ள இடது கை இல்லை. மணிக்கட்டு முறிந்து மாவுக்கட்டு போட்டிருக்கிறது, ஆறு வாரத்தில் பிரித்துவிடுவார்கள். போனில் சொன்னால் நீ அழுவாய், நான் அதட்டுவேன், விஷயம் பாதியில் நின்றுவிடும். அதனால் எழுதுகிறேன். உட்கார்ந்து படி.

நீ போன மாதம் சொன்னது அப்படியே நினைவிருக்கிறது. தோளில் பட்டை அழுந்திப் பள்ளமாகிவிட்டது, கழுத்து வலி தாங்கவில்லை, லேபில் நிற்கும்போது விரல்கள் மரத்துப்போகின்றன, மார்பைக் குறைக்கும் ஆபரேஷன் செய்துகொள்ளலாமா என்று யோசிக்கிறேன், இன்னும் முடிவு செய்யவில்லை என்றாய். ஏற்கெனவே ஒருமுறை தூக்கித் தைத்த இடம் என்பதால் ஆபத்து அதிகம், காம்புக்கு ரத்தம் போகிற வழியை முதல் டாக்டர் எந்தப் பக்கம் விட்டுவைத்தார் என்று தெரியாமல் வெட்டினால் அது கருகிப்போகலாம், பழைய ஆபரேஷன் குறிப்பு கட்டாயம் வேண்டும் என்று உன் டாக்டர் அம்மாள் சொன்னதாகச் சொன்னாய். ஒருமுறை அறுத்துக்கொண்டது போதாதா என்று நான் கேட்டுவிட்டுப் போனை வைத்தேன். அதற்காக மன்னிப்புக் கேட்கிறேன். நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்டவள் இல்லை என்பது உனக்குத் தெரியும், அதனால் இரண்டாவது முறை கேட்க வைக்காதே.

திங்கட்கிழமை தேவம்மாவைக் கூட்டிக்கொண்டு மண்டி மொஹல்லாவில் இருக்கும் அந்த நர்சிங் ஹோமுக்குப் போனேன். அவள் இல்லாமல் போக முடியாது. ஒன்பது வருடத்துக்கு முன்பு உன்னை அங்கே சேர்த்தபோது, சொந்தக்காரர் யாராவது பெயரைப் பார்த்துவிடுவார்கள் என்று, நம் வீட்டில் சமைக்கிற தேவம்மாவின் பெயரைக் கொடுத்துச் சேர்த்தவள் நான் அல்லவா. வயது உன்னுடையது, பெயர் அவளுடையது. ஊருக்கு உனக்குப் பித்தப்பையில் கல் என்று சொன்னேன். இப்போது நோயாளியே நேரில் வந்து கையெழுத்துப் போட்டால்தான் ஃபைல் தருவோம் என்கிறார்கள். ஆட்டோவில் வைத்து அவளிடம் உண்மையைச் சொன்னேன். "ஏனுங்கம்மா, எனக்கு மாரைத் தூக்கிக் கட்டுன சங்கதி எங்க ஹனூர்ல தெரிஞ்சா, செத்த மாமியாளே எந்திரிச்சு வந்து சிரிப்பாளுங்களே" என்று ஆட்டோக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தாள். பிறகு, "பாப்பாவுக்கு மானம் போயிரும்னு எம் பேரைப் போட்டீங்க, எனக்கு மானம் இல்லீங்களா" என்று கேட்டாள். ஆனாலும் கவுண்டரில் நிமிர்ந்து நின்றாள். கிளார்க் தொட்டையன் பதிவைப் பார்த்துவிட்டு, இந்த அம்மாவுக்கு நாற்பத்து மூன்று வயதுதானா என்று இழுத்தார். "வெயில்ல வெந்த உடம்பு சாமி, அப்படித்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து ஃபைலைப் படித்தேன். முதல் ஆபரேஷன் விவரம் சரியாக இருக்கிறது, படம் கூட வரைந்திருக்கிறார். அதற்கடுத்த தாளை விரல் வைத்து வரிவரியாகப் படித்தேன். பத்தொன்பதாம் நாள் மறுபடி சேர்த்தது, இடது மார்பில் தையல் முழுதும் பிரிந்தது, உள்ளே கட்டிய ரத்தத்தை எடுத்து, செத்த சதையை வெட்டி மறுபடி தைத்தது, காரணம் குளியலறையில் வழுக்கி விழுந்தது, தகவல் சொன்னவர் என்ற இடத்தில் என் கையெழுத்து. நான் படித்த கான்வென்ட்டில் சிஸ்டர்கள் போர்டில் ஒட்டி வைத்து மற்றப் பிள்ளைகளுக்குக் காட்டிய அதே கையெழுத்து. நீ அன்று ஆட்டோவில் வந்து இறங்கியபோது ரவிக்கை முன்பக்கம் ரத்தத்தில் ஊறி முதுகுத் தையல் வரை சிவந்திருந்தது. உன் புருஷன் பெயரைச் சொல்லி, தள்ளிவிட்டு, கீழே கிடந்தவளை அதே இடத்தில் குதிகாலால் மிதித்தான் அம்மா என்றாய். நான் உன் வாயைப் பொத்தினேன் ரூபா. டாக்டர் வருவதற்குள் குளியலறைக் கதையை உனக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தேன், இரண்டு தரம் திரும்பச் சொல்லச் சொன்னேன். மறுபடி தைத்த பதினோராம் நாள் நானே உனக்குப் புடவை கட்டிவிட்டு அவன் வீட்டில் கொண்டுபோய் விட்டேன். அந்த முதல் ஆபரேஷன்கூட நீ கேட்டதா? சைத்ரா பிறந்து உன் உடம்பு தளர்ந்ததை அவன் விருந்தாளிகள் முன்னால் கிழட்டுப் பசு என்று சொல்லிச் சிரித்தான், அவன் வாயை அடைக்கவாவது செய்துகொள் என்று உன்னை அனுப்பியவள் நான். அதற்கெல்லாம் முன்னால் பதின்மூன்று வயதில், பள்ளிக்கூடத்து அணிவகுப்பில் பார்க்க நன்றாக இருக்க வேண்டும் என்று முரட்டு டிரில் துணியில் இறுக்கமாக உள்சட்டை தைத்து, மூச்சை உள்ளே இழு என்று அதட்டிக் கொக்கி மாட்டினேன். மைதானத்தில் மயங்கி விழுந்தாய். கழற்றியபோது முதுகில் கொக்கிகள் பதிந்து வரிசையாக ரத்தம் கன்றியிருந்தது. வெயில் என்று சொன்னேன். உன் மார்பின் மேல் முதலில் கை வைத்தவள் நான்தான், அவன் எனக்குப் பின்னால் வந்தவன்.

புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு ரவிக்குமார் வந்தான். முந்தைய கடிதங்களில் எல்லாம் மாப்பிள்ளை, வந்தார், போனார் என்று எழுதினேன், இனி அவன்தான். சைத்ரா போனில் அப்பாவிடம் பேசும்போது அம்மாவுக்கு ஆபரேஷன் என்று வாய் தவறிச் சொல்லியிருக்கிறாள், குழந்தையைத் திட்டாதே. ஹெல்மெட்டைக் கையில் தொங்கவிட்டபடி செருப்போடு ஹாலுக்குள் வந்து, "என்ன அத்தே, என் பெண்டாட்டி உடம்புல கத்தி வைக்க யாரைக் கேட்டீங்க? நான் தூக்கிக் கட்டச் சொன்னா அவ கொறைச்சுக்கிறாளா? அங்க எவன் கேட்டான்?" என்றான். ஃபைல் சாப்பாட்டு மேஜையில் கூரியருக்குத் தயாராக இருந்தது. மேலே நர்சிங் ஹோம் பெயரைப் பார்த்ததும் பாய்ந்து எடுத்தான். "இது இல்லாம எப்படி வெட்டறாங்கன்னு நானும் பாக்கறேன்" என்றான். நான் மறுமுனையைப் பிடித்தேன். என் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினான், முருங்கைக்காயை ஒடிக்கிற மாதிரி சத்தம் கேட்டது, அது என் எலும்பு என்று ஒரு நொடி கழித்துத்தான் தெரிந்தது. முழங்காலில் உதைத்தான், மேஜைக் காலில் முகம் இடிக்க விழுந்தேன், ஒரு பல் போய்விட்டது. சமையலறையிலிருந்து ஓடிவந்த தேவம்மாவை ஹெல்மெட்டால் முதுகில் அடித்தான். அவள் விழவில்லை. அவன் அவள் கையைக் கடித்தான், கடித்த இடத்தில் ரத்தம் வர வர ஃபைலைப் பிடுங்கிக்கொண்டு போய் அரிசி டிரம்முக்குள் போட்டு மூடி மேல் உட்கார்ந்துகொண்டாள். அவன் கையில் ஒரே ஒரு தாள்தான் மிஞ்சியது. அதை என் முகத்துக்கு நேரே சுக்கல் சுக்கலாகக் கிழித்துக்கொண்டே, "அன்னிக்கு ஒரு பக்கம்தான் மிதிச்சேன், ரெண்டு பக்கமும் மிதிச்சிருந்தா இந்தச் செலவே மிச்சம்" என்றான்.

நான் எழுந்தேன். எப்படி எழுந்தேன் என்று தெரியவில்லை. ஷோகேசில் உன் அப்பாவின் ரயில்வே கைவிளக்கு இருக்கிறதே, பித்தளை, அதைக் கைப்பிடியோடு எடுத்து அவன் காதோடு சேர்த்து அடித்தேன். அவன் திரும்பிப் பார்த்தான், மறுபடி அடித்தேன். கண்ணாடி உடைந்து கன்னத்தில் குத்தி, காது பாதி தொங்கிற்று. சுவரில் உன் அப்பா படத்துக்குக் கீழே தெறித்த ரத்தத்தை இன்னும் துடைக்க விடவில்லை, போலீஸ் படம் எடுக்க வேண்டும். அடித்ததற்கு எனக்கு வருத்தம் இல்லை, ஒன்பது வருடம் தாமதமாக அடித்ததற்குத்தான் வருத்தம். சத்தம் கேட்டு எதிர்வீட்டு மஞ்சுநாத் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த டியூபோடு கேட்டில் வந்து நின்று, "ஏனாய்த்து மேடம்?" என்று, என்ன நடந்ததென விசாரித்தார். ஒன்றும் இல்லை, வழுக்கி விழுந்துவிட்டேன் என்று சொல்ல என் வாய் தானாகத் திறந்தது. அவ்வளவு பழகிப்போன வாய். அதை விழுங்கிக்கொண்டு, இவன் என் கையை முறித்தான், ஒன்பது வருடத்துக்கு முன்பு தையல் ஆறாத என் மகளின் மார்பை மிதித்தான் என்று தெருவே கேட்கும்படி கன்னடத்தில் சொன்னேன், பிறகு யாருக்கும் சந்தேகம் வேண்டாம் என்று தமிழிலும் சொன்னேன். மஞ்சுநாத் டியூபைக் கீழே போட்டுவிட்டு கேட்டைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார். போலீஸ் வரும்வரை அவன் நம் வாசற்படியில் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

சப் இன்ஸ்பெக்டர் சின்னப் பெண். புகாரை நானே ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன், அவள் படிவத்தில் இருந்த மூன்று பிழைகளையும் திருத்தினேன். அவனும் நான் கொல்லப் பார்த்தேன் என்று எதிர்ப்புகார் கொடுத்திருக்கிறான். கோர்ட்டுக்குப் போக வேண்டியிருக்கும், போவேன், நல்ல பட்டுப்புடவையாகக் கட்டிக்கொண்டு போவேன். சாயங்காலம் தேவம்மா தரையில் கிடந்த துண்டுகளைப் பொறுக்கி ஒட்டினாள். பார்த்தால், அவன் கிழித்தது அந்தக் குளியலறைத் தாள். அவனைக் காப்பாற்றிக்கொண்டிருந்த ஒரே காகிதம் அதுதான், தன் கையாலேயே கிழித்தான். நேற்று மாவுக்கட்டோடு உன் பழைய டாக்டரைப் போய்ப் பார்த்தேன். தகவல் சொன்னவள் பொய் சொன்னாள், மிதித்ததால் பிரிந்த தையல் அது, நோயாளியின் பெயரும் பொய் என்றேன். எனக்கும் அன்றே தெரியும் அம்மா, குளியலறையில் விழுந்தால் மார்பில் செருப்புத் தடம் விழாது என்றார். பிறகு உன் டாக்டருக்கு இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தார், இடது பக்கத்தில் எவ்வளவு சதை போயிற்று, எந்தப் பக்கத்து ரத்த ஓட்டத்தை நம்பக்கூடாது என்றெல்லாம் இருக்கிறது. வழுக்கி விழுந்தாள் என்று நீ அங்கேயும் சொல்லியிருந்தால் உடனே மாற்றிச் சொல். அந்தப் பொய்யை நம்பி அவர்கள் கத்தி வைக்கக்கூடாது.

செய்துகொள்வதா வேண்டாமா என்று நான் சொல்லப் போவதில்லை. கட்டு என்று நான் சொன்னேன், தூக்கு என்று அவன் சொன்னான், இந்த ஒன்றையாவது நீ சொல். டாக்டர் ஆபத்து அதிகம் என்றால் வேண்டாம் என்று எழுந்து வந்துவிட உனக்கு உரிமை உண்டு. செய்துகொள்வதானால் தேதியை மட்டும் முன்கூட்டித் தெரிவி, கட்டு பிரித்ததும் நான் வருகிறேன். அதுவரை கனமான பை தூக்காதே, சைத்ராவைத் தூக்கச் சொல், அவளுக்குப் பதினான்கு வயதாகிறது. அவளுக்கு உள்ளாடை வாங்கும்போது அளவு அவளையே சொல்லவிடு. தேவம்மாவுக்கு முதுகில் நீலம் பாரித்திருக்கிறது, சமைக்க வேண்டாம் என்றால் கேட்கவில்லை. "எம் பேர்ல இருக்கிற மாரு, பாத்துப் பண்ணச் சொல்லுங்க" என்று உன்னிடம் சொல்லச் சொன்னாள். நீ சிரிப்பாய் என்றுதான் சொல்கிறாள், சிரி.

உடம்பில் ஒரு நோவும் இல்லாமல், யாருக்கும் பயப்படாமல், நீயும் குழந்தையும் நீண்ட நாள் இருக்க என் ஆசீர்வாதம். ஒன்றே ஒன்று நினைவிருக்கட்டும். அங்கே ஆஸ்பத்திரியில் பெயர் கேட்பார்கள். இந்த முறை உன் பெயரிலேயே போய்ப் படு. நெருங்கிய சொந்தம் யார் என்று கேட்டால் என் பெயரைக் கொடு, கீழே முழுதாக எழுதியிருக்கிறேன், எழுத்துப் பிழை இல்லாமல் பார்த்துப் போடு.

உன் அம்மா,
கனகலக்ஷ்மி பாலசந்திரன்