மலை என்று சொல்லாதே

நமுனுகுல,
கீழ்ப்பிரிவு லயம்.

அன்புத் தங்கச்சி விதுஷாவுக்கு,

அக்கா எழுதுவது. நானும் உன் மகள் கவிஷ்காவும் சுகம். கொழும்பில் நீ சுகமாக இருக்க மாரியம்மனைக் கும்பிடுகிறேன். கையில் போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். பேசினால் குரல் நடுங்குகிறது, பிள்ளை என் பயத்தைக் கண்டுபிடித்துவிடுவாள். போனில் தட்டி எழுதவும் எனக்குக் கை வராது. பதுளைக் கடை பஸீல் நானா இன்று கொழும்புக்கு லொறியில் போகிறார், அவரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

மழை விடவே இல்லை. தோட்டத்துப் பெண்களுக்காக நிரஞ்சலா மிஸ் நடத்தும் சங்கம் தந்த, மழை அளக்கும் போத்தலைத் தினமும் பார்த்து, அளவை வட்ஸ்அப் குரூப்பில் சொல்வது இன்னும் என் வேலைதான். முன்பெல்லாம் அந்தக் குரூப்பில் கோழிக்கறிப் படமும் பிள்ளைகளின் ஆட்டமும் வரும். இப்போது போன் சத்தம் கேட்டாலே கைவேலையைப் போட்டுவிட்டு ஓடுகிறேன்.

மேல்பிரிவுப் பெரியாயி அக்கா போன கிழமை குரூப்பில் குரலில் பேசி அனுப்பியது உனக்கு நினைவிருக்கும். மழை இரைச்சலில் "மலை எறங்கிருச்சு" என்று மட்டும்தான் கேட்டது. மழைக்கு வேலை விட்டு, ஆட்கள் கொழுந்து மலையிலிருந்து இறங்கிவிட்டார்கள் என்றே எல்லோரும் நினைத்தோம். மலை என்றால் நமக்குத் தேயிலைக் காடும் வேலையும்தானே, நாம் வேறு எப்படிப் பேசியிருக்கிறோம்? ஆளாளுக்குச் சரி என்று கட்டைவிரல் படம் போட்டோம். நீயும் போட்டிருந்தாய். அங்கே அவர்கள் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் மண் சரிந்து மாட்டுப்பட்டி மூடிப்போயிருந்தது. ஆட்கள் தப்பியது தெய்வச் செயல். பொழுது சாயும்வரை உதவிக்கு ஒருவரும் போகவில்லை, விதுஷா. அந்தக் கட்டைவிரல்களைப் பார்த்துக்கொண்டே நனைந்து நின்றதாகப் பெரியாயி அக்கா சொன்னபோது என்னால் தலை நிமிர முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை எல்லாத் தோட்டத்துப் பெண்களும் கோயிலில் கூடினோம். மிஸ் அதிகம் பேசவில்லை. முன்பு மண்சரிவில் லயங்களே புதைந்துபோன கொஸ்லந்தப் பக்கத்திலிருந்து வந்தவர்கள்தான் தாங்கள் கண்டதைச் சொல்லித்தந்தார்கள். மண் சரியும் முன் ஊற்றுத் தண்ணீர் திடீரென்று கலங்குமாம், கதவு நிலையில் இறுகுமாம். இனி ஆபத்துக்கு 'மலை' என்ற சொல்லே குரூப்பில் வரக்கூடாது, "மண்ணுன்னு சொல்லுங்க" என்று பெரியாயி அக்கா எல்லோரிடமும் கையடித்துச் சத்தியம் வாங்கினார்.

நேற்றிலிருந்து நம் வீட்டுக் கதவைச் சாத்த முடியவில்லை. மழைக்குப் பலகை ஊதியிருக்கும் என்று பக்கத்து வீட்டில் சிரிக்கிறார்கள். இருக்கலாம். கவிஷ்காவுக்கு அது விளையாட்டு, தோளால் முட்டி முட்டித் தள்ளுகிறாள். எனக்கோ உயிர் போகிறது. படம் எடுத்துக் குரூப்பில் போட்டேன், நீயும் பார்த்திருப்பாய். பிள்ளையை முதலில் அனுப்பிவிடு என்று கொஸ்லந்தக்காரர்கள் உடனே சொன்னார்கள். தோட்டத்து ஆபீஸில் சொன்னால், "பார்க்கலாம்" என்கிறார்கள். இப்போதைக்குக் கோயிலில்தான் படுக்கிறோம்.

லீவு சொல்லிவிட்டு உடனே வா. இங்கே மேலே ஏறி வராதே. பஸ் ஏறியதும் போனில் சொல், பதுளையில் பஸீல் நானா கடையில் பிள்ளையோடு நிற்பேன், கூட்டிக்கொண்டு போ. நீயும் வா அக்கா என்று அங்கே நின்று அழாதே. போத்தலைப் பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும், இந்த லயத்தில் நடக்க முடியாதவர்களும் இருக்கிறார்கள். பிள்ளைக்கு இருட்டென்றால் பயம், விளக்கை அணைக்காதே.

மாரியம்மனிடம் மழை கேட்டே பழகியவர்கள் நாம். போதும் தாயே என்று எப்படிக் கேட்பதென்று தெரியவில்லை. நீயும் கேள்.

என் குரலில் "மண்ணு" என்று வந்தால் கட்டைவிரல் போடாதே, தங்கச்சி. கூப்பிடு. நான் எடுக்கும்வரை கூப்பிட்டுக்கொண்டே இரு.

உன் அக்கா,
விஜயலெட்சுமி