தேங்காய்ச் சம்பலுக்காகத் தள்ளிவைத்தார்களே, அக்கா

பீடோங் போகும் செம்மண் ரோட்டில் என் கையை விடாமல் நடந்த பாக்கியம் அக்காவுக்கு,

நீ காய்ச்சலில் போய் ஏழு மாதம் ஆகிறது. அழுவதற்காக இதை எழுதவில்லை. வயிறு எரிகிறது, அதனால் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் தோட்டத்துப் பள்ளிக்கூடச் சுவரில் ஒட்டிவிடுவேன். எழுத்துத் தெரிந்தவர்கள் மற்றவர்களுக்குப் படித்துச் சொல்லட்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை பீடோங் டவுனுக்குப் போயிருந்தேன். மழைமரத்தடியில் மலாய்க்கார மக்சிக் சோம் இன்னும் லக்சா விற்கிறாள். அவள் கடைப் பலகையில் யார் உட்கார்ந்திருந்தார் தெரியுமா? நம் கங்காணி வேலாயுதம். மாரியம்மன் கோயில் தலைவரேதான். மீசையில் குழம்பு ஒட்ட உறிஞ்சிக்கொண்டு, "மக்சிக், சம்பல் தம்பா லாகிலா!" என்று இன்னும் கேட்டு வாங்கினார்.

உன்னைக் கோயிலுக்கு வெளியே நிற்கவைத்த அதே சம்பல், அக்கா.

அந்த ஞாயிற்றுக்கிழமைகள் உனக்கு நினைவிருக்கும். காலையில் ரப்பர் மரத்தில் பால்வெட்டு முடித்து, குளித்து, ஆளுக்கொரு நல்ல சேலை கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவோம். பொம்பளைகள் கடையில் உட்கார்ந்து சாப்பிடுவதா என்று லயத்து வீடுகளில் முணுமுணுப்பார்கள். நீ காதிலேயே வாங்கமாட்டாய். ராவுத்தர் கடையில் நான் வாசலிலேயே தயங்கி நின்றபோது, "ஏம்மா வெளிய நிக்கிறீங்க, உள்ள வந்து ஒக்காருங்க" என்று அவரே பெஞ்சைத் துடைத்துவிட்டார். சீனன் கோப்பிக் கடையில் கோப்பியைத் தட்டில் ஊற்றி ஆற்றிக் குடிக்க நீதான் முதலில் துணிந்தாய். பக்கத்து மேசைக் கிழவர் தன் தட்டைத் தூக்கிக் காட்டிச் சிரித்தார். நம் லயத்தில் அப்படி யார் நம்மைப் பார்த்துச் சிரித்தார்கள்?

அப்புறம்தான் மக்சிக் சோமின் கடை. அரிசி மாவு இடியாப்பம் மாதிரி, மேலே மீன் குழம்பு, அதற்கு மேலே பழுப்பு நிறத்தில் பொலபொலவென்று ஒரு சம்பல். நீ ஒரு வாய் வைத்துவிட்டு, "அடியே அஞ்சலை, இது வறுத்த தேங்காடி!" என்றாய். இரண்டு பேரும் ஒரே தட்டில்தான் தின்றோம். உறைப்புத் தாங்காமல் நான் எதிரே கோப்பிக் கடைக் குழாயடிக்கு ஓடினேன். அந்த நேரம் பார்த்துக் கங்காணியின் மச்சான் அந்த வழியாக வந்து தொலைத்தான். அவன் கண்ணில் நீ மட்டும் பட்டாய், கையில் தட்டோடு.

மறுநாள் பொழுது சாய்வதற்குள் தோட்டம் முழுக்கப் பேச்சு. பாக்கியம் மாட்டுக்கறியை உதிர்த்துப் போட்டுத் தின்றாளாம்! கோயில் முன்னால் உன்னைக் கூப்பிட்டு நிறுத்தினார்கள். "தேங்காங்க அது. மாரியாத்தா மேல சத்தியம்" என்று நீ சொன்னாய். "பாத்தா தெரியாதா எங்களுக்கு?" என்றார் கங்காணி. பார்த்தால் தெரியுமாம். சாமிக்கு நாள் தவறாமல் தேங்காய் உடைக்கிற மனுஷனுக்கு, வறுத்தால் தேங்காய் என்ன நிறமாகும் என்று தெரியவில்லை. ஒரு நடை பீடோங் போய் மக்சிக்கைக் கேட்க ஒருவருக்காவது கால் எழும்பியதா?

உன்னைத் தள்ளிவைத்த பிறகு இரண்டு திருவிழா, அக்கா. பொங்கல் வைக்க வீடு வீடாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார் கங்காணி. உன் பெயரைத் தாண்டிப் போய்விடுவார். நீ புதுப்பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு, பொங்கல் அடுப்புகளைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்கு வெளியே நின்றாய். எல்லார் பானையும் பொங்கிய பிறகு, சத்தமில்லாமல் வீட்டுக்குப் போனாய்.

போன ஞாயிற்றுக்கிழமை கங்காணியின் எதிரே போய் நின்றேன்.

"என்னா கங்காணி, என்னாத்த சாப்பிடுறீங்க?"

"லக்சா புள்ள. மீன் கொழம்புதான். இந்தத் தேங்காச் சம்பலு இருக்கே, அடடா!"

"அப்ப பாக்கியம் அக்கா தின்னது?"

கரண்டி நின்றது. "அது அப்ப. அப்ப நமக்கு என்னா தெரியும்? செத்தவளப் பத்தி இப்ப ஏன் புள்ள, வுடுலா" என்றார். சொல்லிவிட்டு, மிச்சத்தையும் வழித்துத் தின்றார்.

விடுவதா? தெரியாமல் செய்ததற்கு, தெரிந்த பிறகாவது ஒரு வார்த்தை வேண்டாமா? நீ உயிரோடு இருக்கும்போதே அவருக்குத் தெரிந்துவிட்டதோ என்னவோ. அந்தச் சந்தேகம்தான் என்னைத் தூங்கவிடவில்லை.

ஆனால் அக்கா, கங்காணியை மட்டும் திட்டிவிட்டு நான் நல்லவளாக முடியாது. அன்றைக்குக் கோயில் முன்னால் கூட்டத்தில் நானும் இருந்தேன். ஒரே தட்டு என்று உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். நீ என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்த்தால் என்னையும் கேட்பார்கள் என்றுதானே? நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். இரண்டு வருஷமும் கயிற்றுக்கு உள்ளே என் பானை பொங்கியது. ஒரு நாளாவது என்னைக் கேட்டிருக்கலாமே நீ, ஏன்டி பேசலை என்று?

வருகிற வெள்ளிக்கிழமை திருவிழா. நீ அடுப்பில் ஏற்றாமலே போன அந்தப் பானை என் வீட்டில்தான் இருக்கிறது. கங்காணி என் பெயரைக் கூப்பிட்டதும் அதைத்தான் தூக்கிக்கொண்டு போவேன். சாமி முன்னால் நின்று, "நானும் தின்னேன், அக்கா தட்டுலதான் தின்னேன்" என்று தோட்டம் முழுக்கக் கேட்கச் சொல்வேன். பிறகு, உன் பெயரை அவர் வாயால் கூப்பிடச் சொல்வேன். கூப்பிட்டால் உன் பானை உள்ளே பொங்கும். கூப்பிடாவிட்டால் கயிற்றுக்கு வெளியே, நீ நின்ற அதே இடத்தில், மூன்று கல்லைக் கூட்டி நான் பொங்கவைப்பேன். இந்தத் தடவை வாயை மூடமாட்டேன்.

உன் தட்டில் பாதியைத் தின்ற தங்கச்சி,
அஞ்சலை