நடப்பதற்கு முன் ஒரு சாட்சி

மத்திகிரி,
17.11.2007, சனிக்கிழமை

அன்புள்ள செல்வக்கனி அக்காவுக்கு,

ஆண்டவருடைய கிருபையால் இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதத்தான் கை போகிறது. பழக்கம். சுகம் பாதிதான், மீதிப் பாதியைச் சொல்லத்தான் பேனா எடுத்தேன். மஸ்கட்டில் நீயும் அத்தானும் பிள்ளைகளும் நலமாக இருக்க தினமும் ஜெபிக்கிறேன்.

போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். எங்கள் வீடு ஒரே அறை. கண்ணில் அடிபட்ட நாளிலிருந்து இவருக்குக் காது இரண்டும் நாலாகிவிட்டது. அடுப்பில் பால் பொங்கப் போவதை என்னைவிட முன்னால் சொல்கிறார். போனில் நான் பேசுவதை ஒரு சொல் விடாமல் கேட்டுவிட்டு, ஒன்றும் கேட்காததுபோல் முகத்தை வைத்துக்கொள்வார். எழுதினால் பேனா உரசுவது மட்டும்தான் கேட்கும். இப்போதுகூட, ஜெபா, யாருக்குட்டி எழுதுத என்று கட்டிலில் இருந்தபடி கேட்டார். மகள் ஷைனிக்குப் பள்ளிக்கூடக் கட்டுரை என்று சொல்லிவிட்டேன்.

கம்பெனியில் முலாம் பூசும் தொட்டியிலிருந்து காரத் தண்ணீர் முகத்தில் தெறித்தது உனக்குத் தெரியும். வலது கண் போய்விட்டது என்று அப்போதே சொல்லிவிட்டார்கள். இடது கண்ணில் ஏதோ சவ்வு வைத்து, இமையைத் தைத்து மூடியிருக்கிறார்கள். வருகிற திங்கட்கிழமை பெங்களூரில் அந்தத் தையலைப் பிரிக்கிறார்கள். பிரித்த பிறகுதான் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்ப்பார்களாம். தெரிந்தால் அடுத்த ஆபரேஷன். தெரியாவிட்டால் என்ன என்று டாக்டர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

எனக்கு உட்கார முடியவில்லை அக்கா. ரோஜாப் பண்ணையில் பூ கட்டிவிட்டு வந்தால் உடம்பு அசந்து விழ வேண்டும். விழுவதில்லை. துடைத்த அலமாரியையே துடைக்கிறேன். தெருக்கோடிவரை போய், எதற்கு வந்தேன் என்று தெரியாமல் திரும்பி வருகிறேன். இவரோ சுவரில் சாய்ந்து, பாட்டை முணுமுணுத்துக்கொண்டு, சோற்றில் உப்பு இல்லாவிட்டாலும் நல்லா இருக்கு என்று சாப்பிடுகிறார். இவருடைய இந்தப் பொறுமையைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. ஒருநாள் தட்டைத் தூக்கி எறிந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருக்கும். நீயும் போன் பண்ணும்போதெல்லாம் பொறுமை பொறுமை என்கிறாய். அங்கே ஏசியில் இருந்துகொண்டு சொல்வது சுலபம். கோபித்துக்கொள்ளாதே, வேறு யாரிடம் நான் எரிந்து விழ?

இப்போது புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. நாளைக்கு ஆராதனையில் நான் எழுந்து நின்று, என் கணவருக்குக் கண் தெரிகிறது என்று சாட்சி சொல்ல வேண்டுமாம். நம்மூர்க் கோயிலில் சாட்சி என்றால் நடந்த பிறகுதான். இந்தச் சபையில் நடப்பதற்கு முன்பே சொல்கிறார்கள். கிடைத்துவிட்டது என்று வாயால் சொல்வதுதான் விசுவாசமாம், சொன்னால் கிடைக்குமாம். பாஸ்டர் கெட்டவர் இல்லை. சாயங்காலமானால் டிவிஎஸ்ஸில் வந்து இவர் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறார். அவர் மனதாரச் சொல்வதால்தான் மறுக்க முடியவில்லை. இவரிடம் கேட்டேன். உன் இஷ்டம் என்று சொல்லிவிட்டார்.

சொன்னால் பொய். ஆண்டவருடைய வீட்டில் நின்று சொல்கிற பொய். சொல்லாவிட்டால், திங்கட்கிழமை வெளிச்சம் தெரியாமல் போனால், உன் அவிசுவாசத்தால்தான் போச்சு என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை, நானே எனக்குச் சொல்லிக்கொள்வேன். இது உன் கைக்கு வரும்போது எல்லாம் முடிந்திருக்கும். ஆனாலும் ஜெபி.

உன் தங்கை,
ஜெபக்கனி


மத்திகிரி,
21.11.2007, புதன்கிழமை

அன்புள்ள அக்காவுக்கு,

சனிக்கிழமை எழுதியதைத் தபாலில் போடவில்லை. இரண்டையும் ஒரே உறையில் வைக்கிறேன். முதலில் அதைப் படி, பிறகு இதைப் படி.

ஞாயிற்றுக்கிழமை இவர் வெள்ளைச் சட்டைதான் வேண்டும் என்றார். தேய்த்துக் கொடுத்தேன். ஷைனி கையைப் பிடித்து ஆண்கள் பக்கம் கூட்டிப்போய் உட்கார வைத்தாள். பாட்டு முடிந்ததும் பாஸ்டர் என் பெயரைச் சொன்னார். எழுந்தேன். வாக்கியம் நாக்கில் தயாராகத்தான் இருந்தது. இவரைப் பார்த்தேன். என் குரல் எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று தெரியாமல் முகத்தைக் கொஞ்சம் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் முடியவில்லை அக்கா. நாளைக்கு இவருக்குத் தையல் பிரிக்கிறார்கள், என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது, எனக்குப் பயமாக இருக்கிறது, பயத்தோடுதான் ஜெபிக்கிறேன், எனக்கு வேறு போக்கிடம் இல்லை என்று சொன்னேன்.

மழை வந்தது என்று சொன்னால்கூட பத்து ஆமென் கேட்கிற சபை இது. ஒரு சத்தம் இல்லை. தகரக் கூரைக்குக் கீழே மின்விசிறி மட்டும் ஓடியது. நான் நின்றபடியே இருந்தேன். அப்போது ஆண்கள் பக்கத்திலிருந்து ஒரே ஒரு ஆமென் சத்தமாக வந்தது. யார் என்று திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை, இவர்தான். அதன் பிறகு பாஸ்டரும் மெதுவாக ஆமென் சொல்லி ஜெபித்தார். வெளியே வரும்போது பக்கத்து வீட்டு மாரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, அவளுடைய கன்னடமும் தமிழும் கலந்த பேச்சில், நனக்கும் பயம்தான் கண்ணு, யாரும் சொல்றதில்ல அஷ்டே என்றாள். அவளுக்கும் பயம்தானாம், யாரும் வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதானாம். மறுநாள் விடியும் முன்னே பாஸ்டரும் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து, பிரசங்கம் எதுவும் பண்ணாமல், பஸ் கிளம்பும்வரை இவர் தோளில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

ஆஸ்பத்திரியில் திரையெல்லாம் இழுத்து மூடிய அறை. டாக்டர் சின்னப் பெண்தான், கை நடுங்காமல் தையலைப் பிரித்தாள். இவர் என் விரல்களைப் பிடித்திருந்தார். கடைசி நூல் வந்ததும், தெரியுது ஜெபா, வெளிச்சம் தெரியுது என்றார். நான் ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்று அழ ஆரம்பித்துவிட்டேன். அந்தப் பெண் அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை, என்னையே பார்த்தாள். அவள் கையில் டார்ச் இருந்தது. அதை அவள் இன்னும் போடவே இல்லை.

பிறகு போட்டாள். வெளிச்சம் எந்தப் பக்கம் என்று கேட்டாள். இவர் வெளிச்சம் இல்லாத பக்கம் கையைக் காட்டினார். உள்ளே புண் ஆறவில்லை, இன்றைக்கு எதுவும் முடிவாகச் சொல்ல மாட்டேன், ஒரு மாதம் கழித்து வாருங்கள் என்றாள் டாக்டர். நீ நர்ஸ், இதற்கு என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும். தயவுசெய்து எனக்கு அதை எழுதாதே.

திரும்பி வரும்போது பஸ் அத்திப்பள்ளியில் நெரிசலில் நின்றது. ஏன் அப்படிச் சொன்னீங்க என்று கேட்டேன். சபையில நீ சொல்லாதத நானாவது சொல்லிப் பாப்போம்னு நெனச்சேன், சொன்னா வந்துராதான்னு ஒரு ஆசை என்றார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே குரல் உடைந்தது. முன் சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் அடித்து, ஏன் எனக்கு, ஏன் எனக்கு என்று வாய்விட்டு அழுதார். பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நான் யார் பார்வைக்கும் வெட்கத்துக்கும் கவலைப்படாமல் இவர் தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். இத்தனை நாள் எனக்காகத்தான் பொறுமையாக இருந்திருக்கிறார். நான் பார்க்க வேண்டும் என்று சிரித்திருக்கிறார். தட்டை எறிய வேண்டும் என்று ஆசைப்பட்டேனே, அப்படியொன்று நடந்தபோது எனக்கு நிம்மதி இல்லை. ஆனால் தனியாக இருக்கிற பயம் போய்விட்டது.

வீட்டுக்கு வந்து மூன்று பேரும் முழங்கால் போட்டோம். இவர் நீளமாக ஜெபிக்கிறவர், உனக்குத் தெரியும். அன்றைக்கு ஒரே வரிதான். ஆண்டவரே, எங்ககிட்ட பொறுமை தீந்துபோச்சு, நீரு எங்களக் கொஞ்சம் பொறுத்துக்கிடும் என்றார். ஷைனி ஆமென் சொன்னாள். நானும் சொன்னேன், மனதோடு சொன்னேன். இன்னும் கை கால் சும்மா இருக்கவில்லை, அலமாரியை இன்றும் துடைத்தேன். ஆனால் துடைத்துக்கொண்டே அந்த வரியைச் சொல்லிக்கொள்கிறேன்.

இரண்டு கடிதத்தையும் இப்போது இவருக்கு வாசித்துக் காட்டினேன். காது நாலு என்றதற்குச் சிரித்தார். பஸ்ஸில் அழுததை அடித்துவிடு என்றார். அடிக்கவில்லை.

கடைசியாக ஒன்று. கிறிஸ்துமஸுக்கு வருவதாகச் சொன்னாய். வரும்போது வாசலில் நின்றுகொண்டு, நான் யாருன்னு சொல்லுங்க பாப்போம் என்று விளையாடாதே. இங்கே வருகிறவர்கள் எல்லாரும் அப்படித்தான் கேட்கிறார்கள், இவரும் சிரித்துக்கொண்டே தடுமாறுகிறார். நேரே உள்ளே வந்து, கையைப் பிடித்து, செல்வக்கனி வந்திருக்கேன் என்று சொல். என்றைக்காவது ஒருநாள் நீ வாய் திறக்கும் முன்னே இவரே உன் பெயரைச் சொல்வார். அதுவரைக்கும் நீ சொல் அக்கா.

உங்கள் எல்லாரையும் ஆண்டவர் தம் கைக்குள் வைத்துக் காப்பாராக.

அன்புத் தங்கை,
ஜெபக்கனி ஆசீர்