கதாநாயகனுக்குப் பார்த்த ஜாதகம்

சிரஞ்சீவி சௌபாக்கியவதி சுப்ரியாவுக்கு அப்பா ஆசீர்வாதம். இங்கு உன் அம்மா மிக நலம். என் இரத்த அழுத்தமும் டாக்டர் வியக்கும் அளவுக்குச் சரியாக இருக்கிறது, ஆகவே இக்கடிதத்தில் உள்ள கோபத்தை உடல்நலக் குறைவு என்று எண்ணிவிடாதே. உன் ஆராய்ச்சி ஊரான டெல்ஃப்டில் குளிர் தொடங்கியிருக்கும், காதை மூடிக்கொண்டு வெளியே போ.

நீ ஆங்கிலத்தில் ஒரு காதல் நாவல் எழுதி வெளியிட்டிருப்பதை மேல்மாடி அலமு மாமியின் கைபேசி வழியாக அறிந்தோம். கதாநாயகி இங்குள்ள ஹூக்ளி நதியின் ஏற்றவற்றத்தைக் கணக்கிடும் தமிழ்ப் பொறியாளர், நாயகன் ஜெயந்த் பாலக்காட்டுக் குடும்பத்துப் பையன், ஆனால் இங்கே டயமண்ட் ஹார்பரில் பிறந்தவன். பெண் பொறியாளர் காதலிப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. கிடர்பூர் கப்பல்துறையில் ஆற்று நீரைத் தடுக்கும் கதவுகளைப் பராமரித்தே உத்தியோகத்தைக் கழித்துக்கொண்டிருப்பவன் என்ற முறையில், நீர் ஏறும் நேரத்தில் அந்தக் கதவின் மேல் நின்று இருவர் முத்தமிடுவதில்தான் ஆட்சேபம், ஒருவராவது லைஃப் ஜாக்கெட் அணிந்திருக்கலாம். அதை மன்னிக்கிறேன். நாயகனின் பிறந்தநாளுக்கு நாயகி தரும் பரிசை மன்னிக்க இயலவில்லை. அவன் பிறந்த நிமிஷத்தில் நதி எவ்வளவு உயரம் இருந்தது என்று கணக்கிட்டுத் தருகிறாள், அதற்காக நீ அவன் பிறந்த தேதி, நேரம், ஊர் மூன்றையும் அச்சிட்டுவிட்டாய். இந்த மூன்றும் கையில் கிடைத்தால் ஒரு தமிழ்த் தாய் என்ன செய்வாள் என்பது முனைவர் பட்டம் பெற்ற உனக்குத் தோன்றவில்லை.

உன் அம்மா லேக் மார்க்கெட் ஜோசியரிடம் போய் அந்தக் கதாநாயகனுக்கு ஜாதகம் கணித்து உன்னுடையதோடு பொருத்தம் பார்த்துவிட்டாள். பத்துக்கு ஒன்பது. பையன் எங்கே இருக்கிறார் என்று ஜோசியர் கேட்டாராம், கதையில் என்றாளாம், அந்த மனிதர் சற்றும் அசராமல் "அதனால என்ன மாமி, நட்சத்திரம் பேஷா இருக்கே" என்றாராம். அத்துடன் முடியவில்லை. வங்கி அதிகாரி கோவிந்தராஜனின் மகன் ஸ்ரீநிவாஸுக்கு ஆறு பொருத்தம்தான் என்பதால், இதைவிட நல்ல இடம் அமைந்திருக்கிறது என்று அவர்களுக்குச் சொல்லி அனுப்பிவிட்டாள். அலிப்பூரில் ஓர் அலுவலக லிஃப்டில் கோவிந்தராஜன் என்னைப் பிடித்து, "யார் ஓய் அந்த நல்ல இடம், நமக்குத் தெரிஞ்ச மனுஷாளா?" என்று கேட்டார். நாவலில் வருபவன் என்று ஒன்பது பேருக்கு நடுவில் நின்று பதில் சொன்னேன். அடுத்த மாடியிலேயே இறங்கி மீதியைப் படியில் நடந்தேன். வீட்டுக்கு வந்து உன் அம்மாவைக் கேட்டால், "இல்லாத பையன்னு நீங்க எப்படிச் சொல்றேள்? இந்தப் பொண்ணுக்குப் பிறந்த நேரமெல்லாம் கற்பனை பண்ண வருமா, யாரோ சொல்லித்தான் எழுதியிருக்கா" என்றாள்.

அவள் சொன்னது சரி. சென்ற ஞாயிறு நீலாத்ரி பால் என்ற இளைஞன் சால்ட் லேக்கிலிருந்து வந்து கதவைத் தட்டினான். உன்னோடு படித்தவனாம், செக்டார் ஃபைவில் வேலை, அந்தப் பிறந்த நேரம் தன்னுடையதென்று கண்டு சண்டை போட வந்திருந்தான். கையில் ஒரு பெட்டி சந்தேஷ் இனிப்பு, வங்காளிகளுக்குச் சண்டைக்கும் வெறுங்கையோடு போகத் தெரியாது. உன் அம்மா தண்ணீர் கொடுக்குமுன் அவனிடம் பிறந்த நேரத்தை ஒருமுறை சொல்லச் சொல்லிச் சரிபார்த்துக்கொண்டாள். பாலக்காட்டுப் பையன் எங்கே, இவன் எங்கே என்று நான் ஆரம்பித்தேன். "பேரையும் பூர்வீகத்தையும் அவ மாத்தினா நட்சத்திரம் மாறிடுமா?" என்று என் வாயை அடைத்துவிட்டு அவனுக்குத் தோசை வார்க்கப் போய்விட்டாள். வங்காளி மாப்பிள்ளைக்கு எதிராக நான் தயாராக வைத்திருந்த வாதங்கள் அனைத்தும் இவ்வாறு வீணாயின.

அவன் வங்க மொழியில் சொன்னதைத் தமிழில் தருகிறேன், மேசோமஷாய் என்பது நம் 'மாமா' மாதிரி. "மேசோமஷாய், நான் அந்தக் கதவு மேல ஏறினதே இல்லை, எனக்கு உயரம்னா பயம். அதை விடுங்க. கதைக் கடைசியில ஏர்போர்ட்ல நின்னு, நீ போ, உன் ஆராய்ச்சிதான் முக்கியம்னு அந்த ஆள் சிரிச்சுக்கிட்டே சொல்றானே, நான் எங்க சொன்னேன்? என்னை அவ கேட்கவே இல்லை. கேட்டிருந்தா நானும் கூட வந்திருப்பேன்."

சுப்ரியா, என் கோபம் இதில்தான். நாவல் எழுதியதற்கு இல்லை, லிஃப்டில் பட்ட அவமானத்துக்குக்கூட இல்லை. ஒரு நதியைக் கேட்காமல் ஒரு கணக்கும் போடாதவள் நீ, அளந்து பார்க்காத எண்ணை எழுதமாட்டாய். ஒரு மனிதன் என்ன சொல்வான் என்பதை மட்டும் அவனைக் கேட்காமல் நீயே முடிவுசெய்து, விமானம் ஏறி, பிறகு அதை அவன் வாயில் வைத்து அச்சிட்டும் விட்டாய். ஊரார் படித்துக் கண் கலங்குகிறார்கள். அவன் சந்தேஷ் பெட்டியோடு என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தான்.

அவனைத் தொலைபேசியில் கேள், இரண்டாம் பாகம் எழுதிக் கேட்காதே. அவன் எண் மாறவில்லை என்று சொல்லச் சொன்னான். அவன் என்ன பதில் சொல்வான் என்று எனக்கு இப்போது நன்றாகவே தெரியும், ஆனால் நான் எழுதப்போவதில்லை. அடுத்தவர் பதிலைத் தானே எழுதிவிடும் வழக்கம் இக்குடும்பத்தில் உன்னோடு நிற்கட்டும்.

சகல மங்களமும் உண்டாகட்டும். தை மாதத்துக்கு விடுமுறை சொல்லி வைக்கும்படி அம்மா நினைவூட்டச் சொல்கிறாள், காரணம் சொல்ல மறுக்கிறாள்.

கோபம் சற்றும் குறையாத உன் அப்பா,
சிவராமகிருஷ்ணன்