குளத்தைப் பள்ளம் என்று எழுதியவர்கள்

அன்பு மகள் ஜோஸ்லினுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் இங்கே டெல்லியில் அம்மாவும் நானும் சுகமாய் இருக்கிறோம், அயர்லாந்துக் குளிரில் உன்னையும் அவர் காக்க வேண்டும் என்பதே எங்கள் தினசரி ஜெபம். புசா ரோடு பள்ளிக்கூடத்தில் படித்த தமிழ் உனக்கு மறந்திருக்காது என்று நம்பி எழுதுகிறேன், மெதுவாக வாசி. போன வாரம் போனில் நீ, "ஏம்ப்பா வேலை நாள்ல வீட்ல இருக்கீங்க?" என்று கேட்டபோது பேச்சை மாற்றிவிட்டேன். எனக்கு வேலை போய்விட்டது. ஏன் என்று வாயால் சொல்ல அருவருப்பாக இருக்கிறது, அதனால்தான் இந்தக் கடிதம்.

நஜஃப்கட் தாண்டி ஓர் ஆறு வழிச் சாலை வரப்போகிறது. அதற்குச் சுற்றுச்சூழல் அறிக்கை தயாரிக்கும் வேலை எங்கள் கம்பெனிக்கு வந்தது. மரம் எண்ணுவதும் நீர்நிலைகளை அளப்பதும் என் பொறுப்பு. டிசம்பர் புகைமூட்டத்தில் பதினெட்டு நாள் இருமிக்கொண்டே நடந்து இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினாறு மரம் எண்ணினேன். சாலை போகிற வழியில் நாலரை ஏக்கரில் ஒரு குளம் இருக்கிறது. ஒரு கரையில் எருமைகள், மறுகரையில் எங்கிருந்தோ பறந்து வந்த வாத்துக் கூட்டம். அங்கே எருமை வளர்க்கிற கமலேஷ் என்ற பெண்மணி, இந்தக் குளம் கோடையிலும் வற்றாது பாயி சாப் என்றார். மே மாதம் மறுபடி போய்ப் பார்த்தேன், இடுப்பளவு தண்ணீர் நின்றது. எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டுக் கடைசிப் பக்கத்தில் கையெழுத்தும் போட்டேன். அச்சான அறிக்கையை நான் வாசிக்கவில்லை, எப்போதுமே வாசித்ததில்லை.

போன மாதம் அந்த ஊரில் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது. ஷாமியானா, ஏர்கூலர், அதிகாரிகளுக்கு சமோசாத் தட்டு. அங்கேதான் முதல் தடவையாக அறிக்கையைப் புரட்டினேன். மரம் அறுநூற்று நாற்பது என்று போட்டிருந்தது, குளம் 'மழைக்காலத்தில் நீர் தேங்கும் பள்ளம்' ஆகியிருந்தது. உயிரினங்கள் பகுதியில் அலையாத்திக் காடும் கடல் ஆமையும் இருந்தன ஜோஸி. ஏதோ கடற்கரைச் சாலைக்கு எழுதியதை அப்படியே ஒட்டியிருக்கிறார்கள். கூட்டத்தில் ஒருவர் அதைச் சத்தமாக வாசித்து, டெல்லியில் சமுத்திரம் எங்கே இருக்கிறது சாப் என்று கேட்டார். ஜனங்கள் சிரித்தார்கள், சரி. மேடையில் இருந்த அதிகாரியும் வாயில் சமோசாவோடு சிரித்தார் பார்.

கமலேஷ் எழுந்து நின்று, எங்கள் குளம் இந்த வரைபடத்தில் எங்கே, அளந்துவிட்டுப் போனவர் அதோ உட்கார்ந்திருக்கிறார், அவரையே கேளுங்கள் என்று என்னைக் கை காட்டினார். என் மேனேஜர் ரமேஷ்குமார் நம்ம தமிழ்ப் பையன்தான், மைக்கை என் பக்கம் தள்ளி, "டைப்பிங் மிஸ்டேக்னு சொல்லிட்டு உக்காருங்க சார், ஜல்தி" என்று காதில் சொன்னான். நான் எழுந்து நின்றேன். மைக்கை வாங்கி, அங்கே குளம் இருக்கிறது, நாலரை ஏக்கர், மே மாதம் நானே தண்ணீரில் இறங்கி நின்றேன், நான் எண்ணியது இந்த அறுநூற்று நாற்பது இல்லை என்று இந்தியில் சொன்னேன். மைக்கை அணைத்துவிட்டார்கள். மிச்சத்தைக் கத்திச் சொன்னேன். சாயங்காலம், 'பொதுமக்கள் ஏகமனதாக ஆதரவு' என்று எழுதிய தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டார்கள். மாட்டேன் என்றேன். "எல்லா ஆபீஸ்லயும் நடக்கறதுதான் சார், உங்களுக்கு மட்டும் என்ன?" என்றான் ரமேஷ்குமார். மறுநாள் வாசலிலேயே என் அடையாள அட்டையைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். என் களக் குறிப்பேட்டை நகல் எடுத்துக் கமலேஷிடம் கொடுத்தேன், ஊர்க்காரர்கள் அதை வைத்து அமைச்சகத்துக்கு ஆட்சேபணை அனுப்பினார்கள். சாலையைக் குளத்துக்கு மேற்கே நகர்த்த முடியுமா என்று பார்க்கச் சொல்லி, அங்கிருந்து அறிக்கை கம்பெனிக்குத் திரும்பி வந்திருக்கிறது. சந்தோஷப்படாதே, மறுபடி அளக்கப் போவதும் அதே கம்பெனிதான். த்தூ என்று வருகிறது.

அம்மா ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "இருபது வருசமா வாசிக்காம ஒப்பு வச்சிருக்கீயளே" என்று மட்டும் கேட்டாள். அது எனக்குத் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது. என் கையெழுத்துள்ள பழைய அறிக்கைகள் பதினொன்று அலமாரியில் இருக்கின்றன. அந்தச் சாலைகளில் நாம் காரில் போயிருக்கிறோம், நீ பின் சீட்டில் தூங்கிக்கொண்டு வருவாய். அவற்றில் எத்தனை குளம் பள்ளம் ஆனதோ தெரியாது. நேற்று முதலாவதை எடுத்து வாசித்தேன், நாலாம் பக்கத்துக்கு மேல் முடியவில்லை. இன்றைக்கு ஐந்தாம் பக்கத்தில் இருந்து தொடங்க வேண்டும்.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. மாத்திரையை வேளைக்குச் சாப்பிடு, நைட் டூட்டி முடிந்து வெறும் வயிற்றோடு படுக்காதே. அம்மாவிடம் இதைப் பற்றிப் போனில் கேட்காதே, அழுவாள். ஞாயிற்றுக்கிழமை என்னிடம் கேள், சொல்கிறேன்.

உன் அப்பா
இஸ்ரவேல்