ஏனோக்கு அண்ணையின் சம்பந்தி வீடு

என் ஆசை அண்ணைக்கு,

நீங்கள் போன பிறகு உங்களுக்கென்று நான் ஒரு வரிகூட எழுதியதில்லை. துக்கத்தை எழுத எனக்கு வராது. இன்றைக்கு நல்ல செய்தி இருக்கிறது, அதுதான் உட்கார்ந்துவிட்டேன். உங்கள் மகள் ஷாமினிக்குக் கலியாணம். மாப்பிள்ளை யோனாஸ், எத்தியோப்பியப் பிள்ளை. லண்டனில் பிறந்து வளர்ந்தவன், அவளோடு ஒரே ஆஸ்பத்திரியில் வேலை. உங்களைப்போலவே எதைக் கேட்டாலும் ஆதியிலிருந்து விளக்கத் தொடங்கிவிடுவான்.

உங்களைத் தெரியாதவர்களும் இதை வாசிக்கக்கூடும். அவர்களுக்காகக் கொஞ்சம் பழசும் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து நீங்கள் முதலில் போய்ச் சேர்ந்தது ஜெர்மனி. அங்கே ஓர் உணவகத்தில் பாத்திரம் கழுவினீர்கள், ஞானஸ்நானம் எடுத்தீர்கள். அகதிகள் விடுதியில் யாரோ விட்டுப்போன தடித்த புத்தகமொன்றை வைத்து ஜெர்மன் படித்தீர்கள். பைபிளுக்குள் சேர்க்கப்படாமல் வெளியே நின்றுவிட்ட பழைய யூத எழுத்துகளின் தொகுப்பு அது. உலகத்தின் முடிவையும் வானத்தின் உள்ளறைகளையும் கண்டு வந்தவர்கள் சொன்னதாக எழுதப்பட்டவை. வருமான வரிக்கு ஜெர்மன் சொல் தெரிய முன்னரே ஆலங்கட்டி மழையின் களஞ்சியத்துக்குச் சொல் தெரிந்துவைத்திருந்த அகதி நீங்கள் ஒருவர்தான்.

பிறகு லண்டனுக்கு வந்து வால்தம்ஸ்டோவில் வீடுகளைச் சூடாக்கும் பொயிலர் திருத்தும் தொழில் தொடங்கினீர்கள். நான் லண்டனின் தெற்கே இருக்கும் சட்டனிலிருந்து உதவிக்கு வந்தேன். வேனில் ஏறியதும் தொடங்கிவிடுவீர்கள். ஆதாமிலிருந்து ஏழாவது தலைமுறையான ஏனோக்கை ஒரு தேவதூதன் வானமெங்கும் கூட்டிக்கொண்டு போன கதை. காற்றுகளை வைத்திருக்கும் அறைகள், பனியை வைத்திருக்கும் அறைகள், சூரியன் வந்து போகும் வாசல்கள். மனிதப் பெண்களில் ஆசைப்பட்டு இறங்கிவந்த தூதர்கள், அவர்களுக்குப் பிறந்த இராட்சதப் பிள்ளைகள். பிள்ளையாரைக் கும்பிடுகிற எனக்கு இதையெல்லாம் ஏன் சொன்னீர்கள்? ஓடுகிற வேனிலிருந்து நான் குதிக்க ஏலாது என்பதாலா?

ஜெபக்கூட்டத்தில் அதை யாரும் ரசிக்கவில்லை. வேதத்தில் இல்லாததைச் சபையில் பேச வேண்டாம் என்று பாஸ்டர் தன்மையாகத்தான் சொன்னார். ஆனால் சனம் உங்களுக்கு 'ஏனோக்கு அண்ணை' என்று பெயர் வைத்துவிட்டது. நீங்கள் அந்தப் பெயரைப் பட்டம்போலச் சூடிக்கொண்டு திரிந்தீர்கள். அண்ணிக்குத்தான் வலித்தது. உங்கள் செத்தவீட்டிலும் யாரோ அந்தப் பெயரைச் சொல்லிச் சிரித்ததை அவர் கேட்டிருக்கிறார். அதற்குப் பிறகு அந்தப் புத்தகம் ஒரு பைக்குள் போய், அலுமாரியின் மேல்தட்டுக்கு ஏறிவிட்டது.

இந்த நிலையில்தான் ஷாமினி வந்து யோனாஸைப் பற்றிச் சொன்னாள். அண்ணி கத்தவில்லை, அழவுமில்லை. என்னைக் கூப்பிட்டு ஒன்றை மட்டும் கேட்டார்.

"அவள் அந்த வீட்டுக்குப் போனால், பிறகு ஆர் தம்பி என்னோடை தமிழிலை கதைக்கிறது?"

மாப்பிள்ளை வீட்டாரை ஒருமுறை வந்து பார்க்கச் சொல்லுவோம், பிறகு யோசிப்போம் என்றேன். சரி என்றார். ஆனால் வேண்டாம் என்று சொல்வதற்கு அவர் ஆயத்தமாக இருந்தது அவருடைய முகத்திலேயே தெரிந்தது.

ஒரு ஞாயிறு பின்னேரம் வந்தார்கள். யோனாஸ், அவனுடைய தாய் அல்மாஸ், தாய்மாமன். மாமன் அவர்களுடைய எத்தியோப்பியக் கிறிஸ்தவக் கோயிலில் குருவானவர், வெள்ளைத் தலைப்பாகையும் நீண்ட தாடியும். அல்மாஸின் தோளில் கரை வைத்த மெல்லிய வெள்ளைப் போர்வை. அண்ணி காலையிலிருந்து நின்று சுட்ட மட்டன் ரோல்ஸைக் கொண்டுவந்து வைத்தார். ஒருவரும் தொடவில்லை.

அண்ணியின் முகம் இறுகிப்போனது. எங்கள் வீட்டில் கை நனைக்க விரும்பாதவர்களிடம் பிள்ளையைக் கொடுப்பதா? யோனாஸ்தான் விளங்கிக்கொண்டு அவசரமாகச் சொன்னான், இது அவர்களுடைய நோன்புக்காலம், இறைச்சியும் பாலும் முட்டையும் ஆகாது என்று. அண்ணி உள்ளே போய், இரவுக்கென்று ஊறப்போட்டிருந்த பருப்பில் வடை சுட்டுக்கொண்டு வந்தார். அல்மாஸ் சாப்பிட்ட வேகத்தைப் பார்த்திருந்தால் நீங்கள் உங்கள் பங்கை ஒளித்துவைத்திருப்பீர்கள்.

அப்படியிருந்தும் பேச்சு ஓடவில்லை. எல்லோருக்கும் இங்கிலிஷ் தெரியும், ஆனால் ஒருவருக்கும் சொல்ல எதுவும் இருக்கவில்லை. கடைசியில் மாமன் பெண்ணின் தகப்பன் எப்படிப்பட்டவர் என்று கேட்டார். நல்ல மனுசன், பொயிலர் திருத்தினவர் என்று அண்ணி நிறுத்திக்கொண்டார். எனக்கு அது போதாமல் இருந்தது. என் அண்ணையைப் பற்றிக் கேட்டால் பொயிலரோடு முடிகிற கதையா அது? ஏனோக்கைப் பற்றி வாசித்துக்கொண்டே இருப்பார் என்று சொல்லிவிட்டேன். அண்ணி பார்த்த பார்வையில் வடையே கருகியிருக்கும்.

மாமன் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். எந்த ஏனோக்கு என்று கேட்டார். எனக்குத் தெரிந்ததை எல்லாம் கொட்டினேன். களஞ்சியங்கள், தூதர்கள், இராட்சதர்கள், சூரியனின் ஏழு வாசல்கள். ஆறு என்று அவர் திருத்தினார். கிழக்கே ஆறு, மேற்கே ஆறு. நீங்கள் எனக்கு ஏழென்றுதானே சொன்னீர்கள், அண்ணை? அல்லது நான் வேனில் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தேனா?

பிறகு அவர் அண்ணியின் பக்கம் திரும்பினார். மற்றச் சபைகள் கைவிட்ட அந்த எழுத்து அவர்களுடைய பைபிளுக்குள் இருக்கிறதாம். உலகம் அதைத் தொலைத்திருந்த நூற்றாண்டுகளில் முழுமையாகக் காத்து வைத்திருந்தது அவர்களுடைய பழைய கோயில் மொழிதானாம். அண்ணிக்கு நம்பிக்கை வரவில்லை. ஷாமினியிடம் தமிழில் கேட்டார்.

"உண்மையான பைபிளுக்குள்ளையோ? நடுவிலையோ, பின்னுக்கு ஒட்டினதோ?"

ஷாமினி கேட்டுச் சொன்னாள். "உள்ளுக்கைதான், அம்மா. பழைய ஏற்பாட்டுக்குள்ளை."

அண்ணி சிரிக்கத் தொடங்கினார். சேலைத் தலைப்பால் வாயை மூடியும் நிற்கவில்லை. உங்கள் செத்தவீட்டுக்குப் பிறகு நான் அந்தச் சிரிப்பைக் கேட்டதேயில்லை. அவர் சிரிக்க அல்மாஸும் சிரித்தார், ஏன் என்று தெரியாமலே.

அல்மாஸ் எழுந்து வந்து அண்ணிக்குப் பக்கத்தில் அமர்ந்தார். தன் கணவரும் உயிரோடு இல்லை என்றார். பிறகு அந்த எழுத்துகளில் எஸ்றா என்ற பழைய தீர்க்கதரிசியின் பெயரால் வந்த காட்சியொன்றைச் சொன்னார். வயல்வெளியில் ஒரு பெண் தலையில் புழுதியோடு அழுதுகொண்டிருக்கிறாள். ஒரே மகன், கலியாண நாளில் இறந்துவிட்டான். எஸ்றா அவளைத் தேற்றப் பேசிக்கொண்டிருக்கும்போதே அவள் முகம் ஒளிர்கிறது. பார்த்தால், அங்கே பெண் இல்லை, ஒரு பெரிய நகரம் நிற்கிறது. அழிந்துபோன எருசலேம்தான் அந்தப் பெண் என்றார் அல்மாஸ். தானும் ஊரை இழந்து இங்கே வந்த காலத்தில் அதை அடிக்கடி நினைத்துக்கொள்வாராம்.

இதை ஏன் நீங்கள் அண்ணிக்குச் சொல்லவில்லை? எப்போதும் இராட்சதர்களிலேயே தொடங்கினால் பெண்கள் எழுந்து போகாமல் என்ன செய்வார்கள்? அண்ணி இரண்டு கையாலும் கண்ணைத் துடைத்தார். பிறகு ஷாமினியிடம், அந்தப் பையை இறக்கச் சொன்னார்.

புத்தகம் கைமாறிக் கைமாறிப் போனது. அந்த வீட்டில் ஜெர்மன் வாசிக்கத் தெரிந்தவர் ஒருவருமில்லை. ஆனாலும் ஒவ்வொருவரும் அதைத் திறந்து, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத்தான் அடுத்தவரிடம் கொடுத்தார்கள்.

போகும்போது அண்ணி வாசல்வரை போய் அல்மாஸைக் கட்டிப்பிடித்தார். கதவைச் சாத்திவிட்டு என்னிடம் சொன்னார்:

"உங்கட அண்ணைக்கு இனி ஆரும் பட்டம் வைக்க ஏலாது. சம்பந்தி வீட்டிலை அது வேதம்."

இப்போது நிலைமையைக் கேளுங்கள். அண்ணியும் அல்மாஸும் கூறைச்சேலை தேடக் கிங்ஸ்பரிவரை போய் வந்துவிட்டார்கள். அல்மாஸ் 'வாங்கோ', 'இருங்கோ', 'காணும்' என்று மூன்று சொல் பழகிவிட்டார். ஆனால் போதும் என்று அவர் 'காணும்' சொன்னாலும் அண்ணி பரிமாறுவதை நிறுத்துவதில்லை. பாஸ்டருக்கு அண்ணியே நேரில் போய் அழைப்பிதழ் கொடுத்தார். எந்தக் கோயில், அங்கே எதெல்லாம் வாசிப்பார்கள் என்று விளக்கமாகச் சொன்னாராம். பாஸ்டர் தாடையைத் தடவிவிட்டு, குடும்பத்தோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார். தாலி கட்டும் உண்டு, முடி சூட்டும் உண்டு. மாப்பிள்ளை பெண் இருவருக்கும் அவர்கள் முறையில் கிரீடம் வைப்பார்களாம்.

அங்கே எப்படி, அண்ணை? பனியை வைத்திருக்கும் அறையைக் காட்டினார்களா? அல்லது உங்களைக் கண்டதும் எல்லோரும் வேலை இருக்கிறமாதிரிப் போய்விடுகிறார்களா?

ஒரு வாக்குத் தருகிறேன். உங்கள் இடத்தில் நின்று ஷாமினியைக் கோயிலுக்குள் கூட்டிப்போகச் சொல்லி அவளே என்னைக் கேட்டிருக்கிறாள். நான் அவசரப்பட மாட்டேன். அந்த நீளமான நடுவழியில், கடைசி வாங்கு வரிசையில் இருப்பவர்களும் உங்கள் பிள்ளையின் முகத்தை வடிவாகப் பார்க்கும்படி, ஆறுதலாக நடந்து போவேன்.

என்றும் உங்கள் தம்பி,
ஷாமினியின் சித்தப்பன்,
சிவம்