பட்டியலில் வெட்டிய பெயர்

அன்புள்ள உம்மாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். முழங்கால் வலிக்கு எண்ணெய் பூசுகிறீர்களா? நான் சுகமாக இருக்கிறேன்.

வேலையில்லாப் பட்டதாரிகளின் பட்டியலைச் சரிபார்க்க கிராம சேவகர் வீட்டுக்கு வந்தாராம். தங்கச்சி ஹுஸ்னியா சொன்னாள். “ஓம் தம்பி, மகன் கட்டார்ல நல்ல வேல செய்றான்” என்றீர்களாம். “அல்ஹம்துலில்லாஹ், அப்ப ஒராள் குறைஞ்சிட்டார் ராத்தா” என்று என் பெயரை வெட்டிவிட்டாராம். முதலில் சிரித்தேன். பிறகு முடியவில்லை.

கணிதத்தில் பட்டம் பெற்றவன் ஹோட்டலில் குளியல் துவாய் மடிக்கிறேன். ஹுஸ்னியாவின் வகுப்பில் ஒரு வருடமாகக் கணித ஆசிரியர் இல்லை. கல்விக்கும் வேலைவாய்ப்புக்கும்தான் முன்னுரிமை என்கிறது அரசாங்கம். நான் நாட்டை விட்டு வந்ததையும் வேலைவாய்ப்பாக எண்ணிக்கொண்டால் அது என்ன முன்னுரிமை?

உங்கள் மேல் கோபமில்லை உம்மா. விளங்காத கணக்குகளைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள் ஹுஸ்னியாவை. வெள்ளிக்கிழமை எனக்கு லீவு. அன்று அறையில் கதைக்க ஆளில்லை. எத்தனை கணக்கென்றாலும் அனுப்பட்டும்.

வேலைக்குப் போகும் பஸ் வந்துவிட்டது. நாளைக்கே கிராம சேவகரிடம் போங்கள். மகனுக்கு வேலை கிடைக்கவில்லை, அதனால்தான் கட்டாரில் இருக்கிறான் என்று சொல்லுங்கள்.

மகன்,
மிஹ்லார்